கட்டிலும் தயிரும் கணக்கோலையும்

அரசர்கள் நாட்டை ஆண்டார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் ஊரில் வாழ்ந்த எளிய மனிதன் தன் வாழ்நாளில் அரசனின் முகத்தைக் கண்டிருப்பானா என்பது ஐயமே. அவன் கண்டதெல்லாம் நெல் அளக்க வந்தவரை, வரி தண்ட வந்தவரை, ஓலையும் எழுத்தாணியுமாய்த் திண்ணையில் அமர்ந்த கணக்கரை, இவர்கள் பின்னே அதட்டிக்கொண்டு வந்த ஏவலரை. பேரரசனின் சினம் ஒரு தலைமுறையில் ஒருமுறை ஊரைத் தாக்கியிருக்கலாம். சிற்றதிகாரியின் முகச்சுளிப்போ அறுவடை தோறும் வாசலுக்கு வந்தது. இந்தச் சிறிய மனிதர்களின் வரலாற்றை யாரும் தனியே எழுதி வைக்கவில்லை. எனினும் அது செம்பிலும் கல்லிலும் சிதறிக் கிடக்கிறது. காஞ்சி மாநகரும் அதன் சுற்றுப்புறமும் இதற்கு நல்ல சான்றுகளைக் காத்து வைத்திருக்கின்றன.

காஞ்சிபுரம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கோயில் விமானங்களும் பட்டுத் தறிகளும். ஆனால் காஞ்சியிலிருந்து வெளிப்பட்டு இன்றும் நிலைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளுள் சில, கோயிலைப் பற்றியனவும் அல்ல, பட்டைப் பற்றியனவும் அல்ல. அவை தயிரையும் கட்டிலையும் பற்றிப் பேசுகின்றன. கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பல்லவன் சிவஸ்கந்தவர்மன் வெளியிட்ட இரண்டு பிராகிருதச் செப்பேட்டுத் தொகுதிகளையே குறிப்பிடுகிறேன். ஒன்று, ஆந்திரத்து மயிதவோலுவில் கிடைத்தது. அவன் இளவரசனாக இருந்தபோது காஞ்சியிலிருந்து தான்யகடகத்து அதிகாரிக்கு விடுத்த ஆணை. மற்றொன்று, கர்நாடகத்து ஹிரேஹடகளியில் கிடைத்தது. அவன் மன்னனாகி எட்டாம் ஆண்டில் காஞ்சியிலிருந்தே விடுத்தது. இரண்டும் அந்தணர்க்கு நிலக்கொடை அளிக்கும் ஆவணங்கள். கொடையைவிட, கொடைநிலத்துக்கு வழங்கப்பட்ட விலக்குகளே நம் கவனத்துக்கு உரியவை.

கொடையாக வழங்கப்பட்ட இந்த இடங்களில் அரசு அலுவலர் பாலும் தயிரும் எடுக்கலாகாது. புல்லும் விறகும் எடுக்கலாகாது. காய்கறியும் பூவும் எடுக்கலாகாது. தம் பயணத்துக்கு எருதுகளை அடுத்தடுத்துப் பிடித்துச் செல்லலாகாது. ஊதியமில்லா வேலை வாங்கலாகாது. மயிதவோலுச் செப்பேடு இன்னும் ஒருபடி மேலே சென்று, சோறு, கட்டில், தங்குமிடம் ஆகியவற்றையும் கேட்கக் கூடாது என்கிறது. படைவீரர் ஊருக்குள் நுழைவதற்கும் தடை உண்டு. மீறுவோர்க்கு உடல் தண்டனை என்று மயிதவோலு ஆணை எச்சரிக்கிறது.

இந்தப் பட்டியலை ஒரு கணம் நின்று படிக்க வேண்டும். அரசின் முறையான வரியும் அதில் உண்டு. ஆனால் பெரும்பகுதி வரி அல்ல. வழிப்போக்காய் வந்த அலுவலர் ஒருவர் அமர்ந்த இடத்திலிருந்தே கைநீட்டிக் காட்டிய பொருள்கள் அவை. குழந்தைக்கென்று உறையூற்றிய தயிர், நாளைய உழவுக்குக் கட்டி வைத்த எருது, வீட்டில் இருந்த ஒரே கட்டில். விலக்கு என்று ஒன்று தேவைப்பட்டது என்றால், விலக்கு இல்லாத ஊர்களில் நடைமுறை என்னவாக இருந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. கொடை பெற்ற அந்தணர்க்குக் கிடைத்த இந்தக் காப்பு, பக்கத்து ஊர்க் குடியானவனுக்குக் கிடைக்கவில்லை. இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

திருவிவிலியத்தை அறிந்தவர்க்கு இங்கே லூக்கா நற்செய்தியின் 3ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். யோர்தான் கரையில் வரிதண்டுவோரும் படைவீரரும் திருமுழுக்கு யோவானிடம் வந்து வழி கேட்கிறார்கள். அவர் அவர்களைத் தொழிலை விட்டு ஓடச் சொல்லவில்லை. குறிக்கப்பட்ட அளவுக்கு மேல் தண்டாதீர்கள் என்கிறார். மிரட்டிப் பறிக்காமல் கூலியோடு நிறைவடையுங்கள் என்கிறார். பாலை நிலத்தில் வெட்டுக்கிளி உண்டு வாழ்ந்த கடுந்துறவி கேட்டது இவ்வளவுதான் என்பது என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. உரோமைப் பேரரசின் எல்லையிலும் பல்லவ நாட்டின் எல்லையிலும் மக்கள் பட்ட துன்பம் ஏறத்தாழ ஒரே முகத்தோடு இருந்திருக்கிறது.

பிற்காலப் பல்லவர் செப்பேடுகளில் இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. தறிக்கும் செக்குக்கும் இறை, குயவரிடம் குசக்காணம், கள் இறக்குவோரிடம் ஈழம்பூட்சி, தரகு, திருமணத்துக்குக்கூட ஒரு காணம். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், எண்ணிப் பார்க்க ஒருவர் வீடு வீடாக நுழைந்திருக்க வேண்டும். தறி கூரைக்குள் இருப்பது. அதை எண்ணப் படுக்கையறை வரை வருவார்கள். காஞ்சி நெசவாளர் வீட்டில் தறி இருக்கும் இடமே வீட்டின் நடுவிடம் என்பதை அறிந்தவர்க்கு இதன் கூச்சம் புரியும்.

சிற்றதிகாரத்தை அடக்க மேலிருந்து வந்த ஆணை ஒரு வழி. ஊரே தனக்குள் வகுத்துக்கொண்ட விதி மற்றொரு வழி. காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ் பெற்றவை. பள்ளிப் பாடநூல்கள் குடத்தையும் ஓலையையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. முப்பது குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், 360 நாள் பதவிக்காலம் ஆகியவையும் பலர் அறிந்தவை. நான் மதிப்பது அங்கே எழுதப்பட்ட தகுதியின்மைகளை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள் என்று உறவுமுறை முழுவதும் பெயர் சொல்லி விலக்கப்படுகிறது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் வரக்கூடாது. நம் ஊர்களில் பதவி எந்த வழியாகத் திரும்பி வரும் என்பதை அந்தச் சபையார் நன்கு அறிந்திருந்தார்கள்! மைத்துனன் வழியாகத்தான் வரும்.

கணக்கரைப் பற்றிய விதி இன்னும் கூர்மையானது. எழுதிய கணக்கை எழுதியவரே பெருமக்கள் முன் வந்து ஒப்படைக்க வேண்டும். அவருக்காக வேறொரு கணக்கர் புகுந்து முடித்துத் தரக் கூடாது. கணக்கு நேர்மையானது என்று தேறிய பிறகே மறுபடியும் அந்த வேலை. ஓலையை வைத்திருப்பவன் ஊரையே வைத்திருப்பவன் என்ற அனுபவம் இல்லாமல் இப்படி ஒரு விதி பிறந்திருக்காது. உத்திரமேரூர்ச் சபையை மக்களாட்சி என்று கொண்டாடுவோர் ஒன்றை மறக்கலாகாது. அது நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபை. அங்கே உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் குடத்தில் ஓலை இல்லை.

ஓலை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு 1429ஆம் ஆண்டு விடை தருகிறது. விஜயநகர அரசு ஆண்ட காலம். காவிரிப் பகுதியிலும் விருத்தாசலப் பக்கத்திலும் உள்ள கல்வெட்டுகள் ஒரு பெரிய எழுச்சியைக் காட்டுகின்றன. எப்போதும் தமக்குள் மோதிக்கொண்டிருந்த வலங்கை 98 சாதியாரும் இடங்கை 98 சாதியாரும் ஒன்றுகூடினர். அரசு அலுவலரும் அவர்களோடு சேர்ந்த நிலவுடைமையாளரும் முறையின்றி வரி தண்டுவதை இனிப் பொறுப்பதில்லை என்று உறுதி செய்தனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பதில்லை. அவர்களுக்குக் கணக்கு எழுதுவதும் இல்லை என்றனர். அப்படி எழுதுகிறவன் துரோகி. அந்த எழுச்சி வன்முறையையும் தயங்காமல் பேசியது. அதை நான் போற்றவில்லை. ஆனால் எழுத்தாணியை மறுத்தால் அதிகாரியின் கை முடங்கும் என்று அவர்கள் கண்டது பெரிய அறிவு.

ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். செங்கற்பட்டு ஜாகீர் என்று அழைக்கப்பட்ட காஞ்சிச் சீமையை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்பவர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். கணக்கப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர் ஆகிய எல்லோர்க்கும் களத்து நெல்லிலேயே பங்கு பிரிக்கப்பட்ட பழைய முறை அதில் பதிவாகியிருக்கிறது. ஊர் உண்டால் அவர்களும் உண்பார்கள். ஊர் பட்டினி கிடந்தால் அவர்களும் பட்டினி. இந்தக் கட்டு மெல்ல அறுந்தது. 1816ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குமுறைச் சட்டங்கள் ஊர்த் தலைவரை முன்சீப்பாகவும் காவல் தலைவராகவும் ஆக்கின. சிறு குற்றங்களுக்கு ஒருவரைப் பன்னிரண்டு மணி நேரம் அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் தாழ்த்தப்பட்ட சாதியினரானால் தொழுமரத்தில் ஆறு மணி நேரம் மாட்டி வைக்கலாம். மேற்சாதியானுக்கு இழிவு என்று கருதப்பட்ட தண்டனை, தாழ்த்தப்பட்டவனுக்குப் பொருத்தம் என்று சட்டமே சொல்லிற்று. அதிகாரம் சிறிதாகச் சிறிதாக, அது யார் மீது விழும் என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

இதன் முதிர்ந்த வடிவம் 1855இல் வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் வரி தண்டச் சித்திரவதை நடக்கிறது என்று 1854இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழ, எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைந்தது. மக்கள் நெடுந்தொலைவு நடந்து சென்னைக்கு வந்து முறையிட்டார்கள். விரல்களைக் கட்டைகளுக்கிடையே நசுக்கும் கிட்டி, கயிற்றால் கழுத்தையும் காலையும் இணைத்துக் குனியவைக்கும் அண்ணாந்தாள் போன்ற பெயர்கள் ஆங்கில அறிக்கையில் அப்படியே ஏறின. வெயிலில் நிறுத்துவதும் உணவுக்குப் போகவிடாமல் தடுப்பதும் அன்றாட நடைமுறையாக இருந்தன. பல வேளைகளில் நிலுவை சில ரூபாய்கள்தாம். நிலவரியோடு, தறிக்கும் கடைக்கும் தொழிற்கருவிக்கும் விதிக்கப்பட்ட மோத்தர்பா வரியும் அந்நாளில் இருந்தது.

ஆணையம் உண்மையை மறைக்கவில்லை; அது அதன் பெருமை. வரி தண்டும் கையும் காவல் செய்யும் கையும் தாசில்தாரிடம் ஒன்றாய் இருந்ததே கேட்டின் வேர் என்று கண்டது. 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டத்தால் காவல்துறை தனியே பிரிந்தது. ஆனால் பழியைப் பெரும்பாலும் உள்ளூர்ச் சேவகர் மீதும் தாசில்தார் மீதும் போட்டு, ஐரோப்பிய மேலதிகாரிகளை ஏறத்தாழ முழுவதும் விடுவித்ததை நான் ஏற்க இயலாது. 1857 செப்டம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்சும் இந்த விடுவிப்பை ஏற்கவில்லை. அவரோடு நமக்கு வேறு பல செய்திகளில் உடன்பாடு இல்லாவிட்டாலும் இதில் அவர் பார்வை சரியே. தொகையைக் குறித்தவர் மேலே இருந்தார். தவணை தவறினால் கீழே உள்ளவரின் வேலை போகும். டவாலி மாட்டிய சேவகனின் கொடுமையில், அவனை ஏவிய மேசையின் பங்கும் உண்டு. அவன் ஊதியம் சொற்பம். அவனும் ஒருவரிடம் கைகட்டி நின்றவனே. இது அவனை விடுவிக்காது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியக்காரர் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. ஒரே நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள் மறைந்தன. 1981இல் அது சட்டமாயிற்று. பரம்பரையாய்ப் பதவி வகித்த குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. 1982இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்தில் அமர்ந்தார். தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் அந்த நாற்காலிக்கு வர முடிந்தது இதனால்தான். உத்திரமேரூர்க் குடத்துக்குள் வராத பெயர்கள் அவை. பழைய கர்ணம் ஒவ்வொரு வயலின் எல்லையையும் மனப்பாடமாய் அறிந்திருந்தார் என்று ஏங்கும் பெரியவர்கள் இன்னும் உண்டு. அந்த அறிவை அவர் யாருக்காகப் பயன்படுத்தினார் என்பதை ஏங்காதவர்களிடமும் கேட்க வேண்டும்.

முத்திரை அரசு அலுவலகத்தில் மட்டும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் மேசையில் இருக்கிறது, பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது, திருமுழுக்குப் பதிவேடு வைத்திருக்கும் பங்குப் பணிமனையிலும் இருக்கிறது. மகளின் திருமணத்துக்குச் சான்று வாங்க வந்த தாய் வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்பதை எந்தச் செப்பேடும் பதிவு செய்வதில்லை.

இன்று சிட்டாவையும் அடங்கலையும் கணினியில் எடுக்கலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூவர் பார்வையை அது கடக்க வேண்டியிருக்கிறது. பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்காகப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் விசாரணைக்கு அழைக்கப்பட்டால், தறியை நிறுத்திவிட்டுப் போவார். நெய்த சேலைக்குத்தான் கூலி. காத்திருந்த நாளுக்கு இல்லை. அலுவலர் அன்று வெளியே போயிருந்தால், மறுநாளும் குழித்தறியில் பாவு அப்படியே நிற்கும்.