மனை கொடுத்தது யார்? – இளம் தம்பதியரின் சொந்த வீடும் சென்னையின் வரலாறும்



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. கல்யாணத்தை முடித்துவிட்ட நம் பிள்ளைகள் பலர் வீட்டைத் தொடங்க முடியாமல் நிற்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கையில் வாங்கும் சம்பளம் நாம் வாங்கியதைவிடப் பல மடங்கு. ஆனாலும் வாடகை வீடுதான். "நாங்கள் ஒரே சம்பளத்தில் கட்டினோமே, இவர்களால் ஏன் முடியவில்லை?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். ஓட்டல் சாப்பாடும் செல்போனும்தான் காரணம் என்று பதிலையும் நாமே சொல்லிக்கொள்கிறோம். உண்மையான பதில் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கும் நம் பெற்றோருக்கும் மனை எப்படிக் கிடைத்தது என்பதைப் பார்த்தால் அது விளங்கும்.

ஏரி நகரமான கதை

தியாகராய நகரில் கடை வீதிக்குப் போகும்போது நீங்கள் நடப்பது பழைய ஏரி ஒன்றின் மீது. 1920-இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலம் ஏரியை வடித்துத் தெருக்கள், பூங்கா, மனைகள் என்று வகுத்தார்கள். 1925-இல் காலமான சர் பிட்டி தியாகராயரின் பெயரை அந்த நகருக்கு வைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நிலத்தைத் திரட்டியது, சாலை போட்டது எல்லாம் அரசாங்கத்தின் வேலை. வாங்கியவர் வீட்டை மட்டும் கட்டினால் போதும்.

சி.ஐ.டி. என்றால் போலீஸ் அல்ல

சி.ஐ.டி. நகர் என்றதும் துப்பறியும் போலீஸ் நினைவுக்கு வருபவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பெயர் 'சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்' என்பதன் சுருக்கம். நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிச் சென்னையில் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க ஏற்பட்ட அமைப்பு அது. 1961-இல் அதன் இடத்தில் வீட்டு வசதி வாரியம் வந்தது. அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் இந்த வழியில் உருவானவை. 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த அண்ணா நகரும் அப்படியே. அந்தக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் இன்றும் பூங்காவில் நிற்கிறது.

எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்ற சொற்கள் நம் வீட்டு முகவரிகளில் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். வருமானத்தைப் பார்த்துப் பிரிவு, குலுக்கலில் ஒதுக்கீடு, தவணையில் பணம், கடைசியில் கிரயப் பத்திரம். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1956 முதல் வீடு கட்ட முன்பணம் கிடைத்தது. மற்றவர்கள் வருங்கால வைப்பு நிதி, சீட்டு, மனைவியின் நகை ஆகியவற்றை நம்பினார்கள். அப்படிப் பார்த்தால் 'ஒரே சம்பளம்' என்பது முழு உண்மையல்ல. சம்பளம் வீட்டைக் கட்டியது. மனையின் விலையை வாரியம் தாழ்வாக வைத்திருந்தது.

அந்தத் தாழ்ந்த விலைக்கும் ஒருவர் பணம் கொடுத்தார் என்பதை மறக்கக் கூடாது. வாரியத்தின் நிலங்களில் பெரும்பகுதி 1894-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராமத்துக்காரர்களிடமிருந்து கையகப்படுத்தியவை. இழப்பீடு போதாது என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். நம் மனை மலிவாக இருந்ததன் மறுபக்கம் அது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், சந்தை மதிப்பின் மேல் இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை தர வேண்டும் என்கிறது. அது நியாயம்தான். ஆனால் அதன் பிறகு அரசாலும் பழைய விலையில் மனை தர முடியாது.

ஒரு அறையில் தொடங்கிய வீடுகள்

1970களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் வேறொரு முயற்சி நடந்தது. முழு வீடு கட்டித் தரவில்லை. சிறு மனை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு, கழிப்பறை ஆகியவற்றைத் தந்து, "மீதியை உங்கள் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று விட்டார்கள். குடும்பங்கள் முதலில் ஓர் அறை போட்டன. குழந்தை பிறந்ததும் இன்னொரு அறை, கையில் பணம் சேர்ந்ததும் மாடி என்று வீடு வளர்ந்தது. இன்று அந்தத் தெருக்களில் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகளைப் பார்க்கலாம். இளம் தம்பதியர் வீடு கட்ட எளிதான வழி அதுதான்: மனை கையில் இருக்க வேண்டும், வீடு மெதுவாக வளரலாம்.

கடன் வந்தது, விலையும் ஏறியது

1977-இல் எச்.டி. பரேக் மும்பையில் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். வீட்டுக்கென்று தனியாரிடம் நீண்டகாலக் கடன் வாங்கும் பழக்கத்தை நாட்டில் பரப்பியது அந்த நிறுவனம். 1988-இல் தேசிய வீட்டு வசதி வங்கியும், 1989-இல் எல்.ஐ.சி. ஹவுசிங் ஃபைனான்ஸும் வந்தன. ஓய்வு பெறும்போது கட்டிய வீட்டை முப்பது வயதில் கட்டலாம் என்ற நிலை ஏற்பட்டது. இது பெரிய மாற்றம், நல்ல மாற்றமும்கூட.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 1990களின் நடுவில் வட்டி 14 சதவீதம் அளவில் இருந்தது. 15 ஆண்டுக் கடனில் ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 1,332 ரூபாய் தவணை. 2004 வாக்கில் வட்டி 7.5 சதவீதத்துக்கு வந்தது. 20 ஆண்டுக் கடனில் அதே லட்சத்துக்கு 806 ரூபாய் போதும். அதாவது பழைய தவணையில் 1.65 லட்சம் கடன் வாங்கலாம். இது வாங்குபவருக்குத் தெரிந்தது போலவே விற்பவருக்கும் தெரியும். செங்கல், சிமென்ட் விலைக்கு ஒரு வரம்பு உண்டு, வேண்டுமானால் கூடுதலாகத் தயாரிக்கலாம். மனையைத் தயாரிக்க முடியாது. எனவே கடனால் கூடிய வசதியில் பெரும்பங்கு மனை விலைக்குள் போயிற்று.

இன்றைய கணக்கு

புறநகரில் மனை 40 லட்சம், கட்டடம் 35 லட்சம், மொத்தம் 75 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனவே கடன் 60 லட்சம், கைப்பணம் 15 லட்சம். பத்திரச் செலவு இந்தக் கணக்கில் சேராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், மனைக்கு 3.6 லட்சம். ஆக, முதல் கல் வைக்கும் முன்பே 18.6 லட்சம் வேண்டும்.

60 லட்சத்துக்கு 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 50,200 ரூபாய். முடிவில் கட்டியிருக்கும் தொகை சுமார் 1.2 கோடி, அசலுக்குச் சமமாக வட்டி. தவணை சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல் இருக்க மாதம் ஒரு லட்சமாவது கைக்கு வர வேண்டும். அதுவும் இருபது ஆண்டுகள் தடையில்லாமல் வர வேண்டும். குழந்தை பிறந்து ஒருவர் வேலையை விட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத தம்பதியர் வீடு கட்டத் தயங்குவது பொறுப்பின்மை அல்ல, முன்யோசனை.

இப்போது மனை ஏற்கெனவே இருக்கிறது, மாடி மட்டும் 30 லட்சத்தில் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். 30 லட்சம் வரையிலான கடன் 90 சதவீதம் வரை கிடைக்கலாம். 27 லட்சம் கடனுக்குத் தவணை சுமார் 22,600 ரூபாய். கைப்பணம் 3 லட்சம். மனைப் பத்திரச் செலவு இல்லை. அதே தம்பதியர், அதே சம்பளம். முடியாதது முடிகிறது.

நம் கையில் இருப்பது

அரசும் வாரியமும் செய்த வேலையை இன்று பல குடும்பங்களில் பெற்றோர்தான் செய்ய முடியும். மனை நம்மிடம் இருக்கிறது. மொட்டை மாடி சும்மா கிடக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தையை "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். மூன்று விஷயங்களை முதலில் முடியுங்கள்.

ஒன்று, பத்திரம். மாடியை மகன் கட்டி, மனை அப்பா பெயரில் இருந்தால் நாளைக்குச் சிக்கல். மகளும் மருமகனும் கட்டினாலும் அதே சிக்கல்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசி, செட்டில்மென்ட் அல்லது பாகப்பிரிவினை செய்துகொள்ளுங்கள். உங்கள் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு, அடித்தளம். பழைய வீட்டின் அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். மேஸ்திரி சொல்வது மட்டும் போதாது.

மூன்று, அனுமதி. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். உங்கள் வீட்டின் மாடி அதற்குள் வருமா என்று வரைபடம் போடுபவரிடம் முதலிலேயே கேளுங்கள். அனுமதியில்லாமல் எழுப்பிய மாடிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம்.

நமக்கு ஒருகாலத்தில் குலுக்கலில் மனை விழுந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் குலுக்கல் இல்லை. "ஏன் இன்னும் கட்டவில்லை?" என்று அவர்களைக் கேட்பதற்கு முன், "மேலே கட்டிக்கொள்கிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள்.