மரக் கடைசல் லேத் (பெரியது)

கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், ஊஞ்சல் கால் போன்ற உருண்டை மர வேலைகளுக்கான சுழல் இயந்திரம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இவ்வேலையைக் ‘கடைசல் பிடிப்பது’ என்பர். அதே வட்டாரத்தின் புகழ்பெற்ற தம்மம்பட்டி மரச்சிற்பமோ லேத் இல்லாத கையுளி வேலை. அதைக் கடைசலோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடத்தைக் கடைய, முன்பு ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடிப்பார். இன்று அந்தக் கயிற்றின் இடத்தில் மோட்டார்.

பெட் எனும் நீண்ட அடிச்சட்டத்தின் ஒரு முனையில் கட்டையைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக், மறுமுனையில் கட்டையின் மறுபக்கத்தைத் தாங்கும், நகரும் டெயில்ஸ்டாக், நடுவே உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட். சுழல் மையத்திலிருந்து பெட் வரையுள்ள உயரத்தின் இரு மடங்கே கடையக்கூடிய பெரிய விட்டம்: 10 அங்குல உயரமானால் 20 அங்குலம். கடையக்கூடிய நீளத்தை முடிவு செய்வது பெட்டின் நீளம்.

பெரிய லேத்துக்கு எடைதான் பலம். கோணலான பச்சைக் கட்டை சுழலும்போது இலேசான லேத் தரையில் நடக்கும். ஆகவே கான்கிரீட் தளத்தில் மட்டம் பார்த்து போல்ட்டால் இறுக்குவார்கள், அடியில் மணல் மூட்டையும் வைப்பதுண்டு. சுழல் மையம் கடைபவரின் முழங்கை உயரத்தில் இருந்தால் முதுகு தப்பும்.

வேகத்துக்கு எளிய கணக்கு: அங்குல விட்டத்தை நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வர வேண்டும். 12 அங்குலக் கட்டைக்கு 500–750 சுற்று. உருண்டையாகும்வரை அதிலும் குறைவு. சுழலும் கட்டையில் சிக்கும் என்பதால், தோளில் துண்டோடு யாரும் லேத் அருகே போகக் கூடாது.