மூன்றடி அறையில் திருவருகை

டிசம்பர் வந்தாலே நம்ம ஊர் பேரங்காடிகளில் நட்சத்திர விளக்கும் தள்ளுபடியும்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலம் என்றால் எனக்கு அல்ஃபிரட் டெல்ப் ஞாபகம்தான் வரும்.

1944 ஜூலை 20இல் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றது. எட்டு நாள் கழித்து, இயேசு சபைக் குருவான டெல்ப் மியூனிக்கில் கைதானார். சதியில் அவருக்குப் பங்கிருந்ததாக நிரூபிக்க முடியவில்லை. நாஜிகளுக்குப் பிந்தைய ஜெர்மனியைப் பற்றி ரகசியமாக யோசித்த கிரைசாவ் வட்டத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

பெர்லின் தேகல் சிறை. மூன்றடி நடந்தால் சுவர். விலங்கு மாட்டிய கையோடுதான் திருவருகைத் தியானங்களை எழுதினார். சலவைக்குப் போகும் அழுக்குத் துணிக்குள் ஒளிந்து அந்தத் தாள்கள் வெளியேறின. அவற்றில் இனிப்பான ஆறுதலே கிடையாது. திருவருகை மனிதனை உலுக்கி எழுப்பும் காலம் என்கிறார். கடவுள் பக்கத்திலேயே இருக்கிறார் என்றவர், பயமே இல்லாதவராகத் தன்னைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. எனக்கு அவரை நம்பத் தோன்றுவது இதனால்தான்.

டிசம்பர் 8 அன்று, சிறைக்குள்ளேயே சபையின் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தார். 1945 பிப்ரவரி 2இல் தூக்கு. தண்டனை கொடுத்த நீதிபதி ஃப்ரைஸ்லர் மறுநாளே குண்டுவீச்சில் செத்தது தனிக்கதை. டெல்ப்புக்குக் கல்லறை இல்லை, சாம்பலைக்கூடத் தூவிவிட்டார்கள். அழுக்குத் துணியில் போன தாள்கள் மட்டும் மிஞ்சின.