74 வயதோடு நின்றுவிடும் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு இதயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இந்தக் கணக்கை ஆரம்பத்தில் போட்டவர்களே இன்சூரன்ஸ்காரர்கள்தான்! பாலிசி எடுத்தவர் சீக்கிரம் இறந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தானே. ரத்த அழுத்தம் கூடக்கூட ஆயுள் குறைகிறது என்று அமெரிக்க ஆயுள் காப்பீட்டுத் துறையினர் 1925-லேயே அறிக்கை வெளியிட்டார்கள்.

பிறகு 1948-ல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். சேரும்போது அவர்கள் வயது 30 முதல் 62. ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைபிடித்தல், சர்க்கரை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, 10 வருடத்தில் இதயநோய் வரும் வாய்ப்பைச் சொல்லும் அட்டவணை 1998-ல் இந்த ஆய்விலிருந்து வந்தது. ஆனால் அது 74 வயதோடு சரி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தெற்காசியாவுக்கென்று தந்த அட்டவணையும் 74-லேயே நின்றுவிடுகிறது.

அப்படியானால், பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த 85 வயதுத் தாத்தாவுக்கு எந்தக் கணக்கு?

நெதர்லாந்தின் லைடன் நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதுவரை இதயநோய் வராத 302 பேர், எல்லோருக்கும் வயது 85. ஐந்து வருடம் கவனித்ததில், யார் இதயநோயால் இறப்பார் என்பதைப் பழைய மதிப்பெண்கள் சொல்லவே இல்லை! ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவுதான் ஓரளவு சரியாகச் சொன்னது. இது 2009-ல் வெளியான சிறிய ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த வயதில் இதயநோய் வருவதற்குள் வேறு காரணத்தால் மரணம் வந்துவிடலாம். அதைக் கழிக்காவிட்டால் ஆபத்து கூடுதலாகத் தெரியும். இதைக் கணக்கில் சேர்த்து, 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று ஐரோப்பாவில் 2021-ல் ஒரு புதுக் கணக்கு வந்தது. ஆனால் அது ஐரோப்பியர்களை வைத்துப் போட்டது.

கணிக்க முடியவில்லை என்பதால் வைத்தியமே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. 80 வயதைக் கடந்த, ரத்த அழுத்தம் அதிகமுள்ள 3,845 பேரிடம் நடந்த ஹைவெட் ஆய்வில் (2008), மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மரணம் 21 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

மாத்திரை வாசல்வரை வந்துவிட்டது. நம் தாத்தா பாட்டிகளை வைத்துப் போட்ட கணக்கும் வரவேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் நஷ்டத்துக்குப் பயந்து எண்ணினார்கள். நாம் எதற்காக எண்ணாமல் இருக்கிறோம்?