ஒரு வெடியில் ஆள் விழுவானா? கைத்துப்பாக்கியின் ‘நிறுத்தும் வலு’

பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தால் மறுநாள் வரும் செய்தியில் சில வசனங்கள் மாறுவதேயில்லை. “ஆயுதத்தைப் பறிக்க முயன்றார்”, “தற்பாதுகாப்புக்காகச் சுட நேர்ந்தது”, “முழங்காலுக்குக் கீழேதான் சுட்டோம்”. செத்த வீட்டில் வேறொரு கேள்வி இருக்கும்: “ஒரு வெடி காணாதா? ஏன் இத்தனை?” எதிரெதிராக நிற்கும் இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் உள்ளது. பிஸ்டலால் சுட்டால் குறிவைத்த இடத்தில் படும், பட்டதும் ஆள் விழுவான் என்பது அது. பெரும்பாலும் சினிமாவில் இருந்து வந்த நம்பிக்கை.

ஒரு சன்னம் எதிராளியை உடனடியாகச் செயலிழக்கச் செய்யும் ஆற்றலை ஆங்கிலத்தில் ‘ஸ்ரொப்பிங் பவர்’ என்பார்கள். நிறுத்தும் வலு என்று சொல்லலாம். அமெரிக்கப் பொலிஸ் துறை இதைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தை மாற்றியது 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் நடந்த ஒரு மோதல்.

வங்கிக் கொள்ளையர்களான மைக்கல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ் ஆகிய இருவரின் காரை எப்.பி.ஐ. முகவர்கள் வழிமறித்தனர். முகவர்கள் எட்டுப் பேர். பெரும்பாலானோரிடம் ரிவோல்வர், சிலரிடம் 9 மி.மீ. பிஸ்டல். பிளாட்டிடம் ஒரு ரைபிள் இருந்தது. மோதலின் தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ. சன்னம் பிளாட்டின் வலது மேற்கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்பாக நின்றுவிட்டது. உயிர் தப்ப முடியாத காயம் அது. ஆனால் பிளாட் விழவில்லை. அதற்குப் பிறகுதான் இரண்டு முகவர்களைக் கொன்றார், மற்றவர்களையும் காயப்படுத்தினார். மோதல் முடிந்தபோது அவரது உடலில் பன்னிரண்டு சூட்டுக் காயங்கள் இருந்தன. போதைப்பொருள் பாவித்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். இரத்தப் பரிசோதனையில் இருவரிடமும் அப்படி எதுவும் காணப்படவில்லை.

இதை ஆராய்ந்த எப்.பி.ஐ. 1989இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கைத்துப்பாக்கிச் சன்னம் ஒருவரை உடனே நிறுத்துவதாயின் மூளையிலோ மேல் முள்ளந்தண்டு வடத்திலோ பட வேண்டும் என்கிறது அது. வேறெங்கு பட்டாலும் இரத்தம் வடிந்து மயங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். இதயமே சிதைந்தாலும் மூளையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனைக் கொண்டு ஒருவர் 10 முதல் 15 விநாடிகள் வரை இயங்க முடியும். அந்த நேரத்துக்குள் பல தடவை சுடலாம், ஓடலாம். மறுபக்கம், சிறிய காயத்துடன் பயத்தில் சுருண்டு விழுபவர்களும் உண்டு. அது மனம் செய்யும் வேலை. அதைக் கணக்கிட முடியாது.

சன்னம் ஆளைத் தூக்கி எறியும் என்பதும் பொய். 9 மி.மீ. சன்னம் ஏறத்தாழ 8 கிராம் நிறையுடையது. விநாடிக்கு 350 மீற்றர் அளவில் போகும். அது 70 கிலோ உடலில் தைத்து நின்றால் அந்த உடலுக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு வெறும் 4 சென்ரிமீற்றர். நாங்கள் நேரில் பார்த்த போர்க் காயங்களை வைத்து இதை அளவிடக் கூடாது. ரி-56 இன் சன்னமும் அதே 8 கிராம்தான், ஆனால் வேகம் இரண்டு மடங்கு. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த ரைபிள் செய்ததைப் பிஸ்டல் செய்யாது.

மியாமிக்குப் பிறகு எப்.பி.ஐ. பெரிய சன்னங்களை நாடியது. முதலில் 10 மி.மீ., பிறகு .40 ரகம். கடைசியில் 2014இல் அதன் பயிற்சிப் பிரிவு பழைய 9 மி.மீ.க்கே திரும்பலாம் என்று நியாயம் எழுதியது. எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பவைதான் முக்கியம். சிறிய சன்னத்தால் முகவர்கள் வேகமாகவும் திருத்தமாகவும் சுடுகிறார்கள் என்பது காரணம். முப்பது வருட விவாதம் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது.

திருத்தம் என்பதுதான் உண்மையில் பெரிய சிக்கல். நியூயோர்க் பொலிஸாரின் 1998 முதல் 2006 வரையான பதிவுகளை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தது. இரு தரப்பும் சுட்டுக்கொண்ட மோதல்களில் பொலிஸாரின் வெடிகளில் 18 சதவீதமே இலக்கில் பட்டன. எதிராளி திருப்பிச் சுடாத இடங்களில்கூட 30 சதவீதம்தான். 1999 பெப்ரவரியில் ஆயுதமற்ற அமடூ டியாலோவை, அவரது வீட்டு வாசலில் வைத்து, நான்கு பொலிஸார் 41 தடவை சுட்டனர். 19 சன்னங்கள் பட்டன. அவர் கையில் இருந்தது பணப்பை. நால்வரும் அடுத்த வருடம் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். 2012இல் எம்பயர் ஸ்ரேட் கட்டடத்தின் முன்னால் ஒரு கொலையாளியை நோக்கி இரு பொலிஸார் 16 வெடிகள் வைத்தபோது காயமடைந்த வழிப்போக்கர்கள் ஒன்பது பேர். அத்தனையும் பொலிஸாரின் சன்னங்களாலும் சிதறல்களாலும் ஏற்பட்டவை.

இனி “முழங்காலுக்குக் கீழே” என்ற வசனத்துக்கு வருவோம். நெஞ்சைக் குறிவைத்தே ஐந்தில் ஒன்றுதான் படுகிறது என்றால், ஓடும் காலைக் குறிவைத்துச் சுடுவதை எப்படி நம்புவது? காலில் பட்டால் உயிருக்கு ஆபத்தில்லை என்பதும் சரியல்ல. தொடையின் பெருநாடி அறுந்தால் சில நிமிடங்களில் இரத்தம் வடிந்து ஆள் இறந்துவிடலாம். அதனால்தான் 1990இல் ஹவானாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் எந்த இடத்தில் சுடலாம் என்று பேசுவதில்லை. எப்போது சுடலாம் என்பதையே பேசுகின்றன: உயிருக்கு உடனடி ஆபத்து இருக்க வேண்டும், குறைந்த வழிகள் போதாமலிருக்க வேண்டும். காயப்பட்டவருக்கு மிக விரைவில் மருத்துவ உதவி கிடைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

ஆகவே பல வெடிகள் வைக்கப்பட்டன என்பது மட்டும் கொலை நோக்கத்தை நிரூபிக்காது. சொல்வதற்குக் கசப்பாக இருந்தாலும் உண்மை அதுதான். ஆனால் ஒரேயொரு வெடி என்பதும் யாரையும் குற்றமற்றவராக்காது. எண்ணிக்கையை விட உடலில் உள்ள தடங்கள்தான் அதிகம் பேசும்.

2016 ஒக்ரோபர் 20 இரவு குளப்பிட்டியில் யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தது முதலில் மோட்டார் சைக்கிள் விபத்தாகவே வெளிவந்தது. ஒருவரின் உடலில் இருந்த சூட்டுக் காயத்தைப் பிரேத பரிசோதனை காட்டிய பிறகுதான் ஐந்து பொலிஸார் கைது செய்யப்பட்டனர்.

இப்படியொரு மரணத்தில் குடும்பத்தினர் நீதவானிடம் சட்டத்தரணி மூலம் கேட்க வேண்டியவை உண்டு. சன்னம் புகுந்த காயம் உடலின் முன்புறமா, பின்புறமா? அது மேலிருந்து கீழே போனதா, கிடையாகப் போனதா? காயத்தைச் சுற்றித் தோலில் கரியோ வெடிமருந்துப் புள்ளிகளோ இருந்தனவா? இருந்தால் துப்பாக்கி மிக அருகில் இருந்திருக்கிறது. தூரத்தில் ஓடியவரைச் சுட்டதாகச் சொல்லும் கதை அங்கே நிற்காது. உடலில் எடுத்த சன்னத்திலும் கீழே கிடந்த வெற்றுக் கோதிலும் உள்ள கீறல்களைக் கொண்டு எந்தத் துப்பாக்கி என்று கண்டுபிடிக்கலாம். அவை முத்திரையிடப்பட்டு அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போனதா என்று விசாரியுங்கள். இறந்தவர் அணிந்திருந்த சட்டையைக் கழுவவோ எரிக்கவோ விடாதீர்கள். வெடிமருந்துத் துகள் சில வேளை தோலில் இருக்காது, துணியில்தான் இருக்கும்.