மடலும் மனத்துணிவும்

நூல் ஊருக்குப் பேசுகிறது; மடல் ஒருவருக்குப் பேசுகிறது. ஊருக்குப் பேசுவோர் சொல்லை அளந்து வைப்பர். சான்றுகளை அடுக்கி வைப்பர். அச்சத்தை மறைத்து வைப்பர். நண்பருக்கு எழுதும்போது அந்தக் காவல் தேவையில்லை. ஆகவேதான், ஒரு கருத்துப் புரட்சி எங்கே கருக்கொண்டது என்று அறிய விழைவோர், அறிஞர்களின் நூல்களோடு நின்றுவிடாமல், அவர்தம் மடல்களையும் படித்தாக வேண்டும் என்கிறோம் நாம்.

உயிரினங்கள் யாவும் ஆண்டவனால் தனித்தனியே படைக்கப்பட்டவை என்ற பழங்கொள்கையை அசைத்தெடுத்த சார்லஸ் டார்வின், மேடையேறி முழங்கியவரல்லர். கெண்ட் மாவட்டத்துச் சிற்றூரொன்றில், நோயோடு போராடியபடி, வீட்டோடு இருந்தவர். அவருக்கு மேடையாக அமைந்தது அஞ்சல்! 1840-இல், ரோலண்டு ஹில் என்ற சீர்திருத்தக்காரரின் முயற்சியால், தொலைவைக் கணக்கிட்டுப் பெறுவோரிடம் காசு கறந்த முறை ஒழிந்து, நாட்டுக்குள் எங்கு அனுப்பினாலும் அரை அவுன்ஸ் மடலுக்கு ஒரு பென்னி என்ற முறை வந்தது. அந்த ஒரு பென்னி, அறிஞர்களை ஒரு குடும்பமாக்கிற்று. டார்வின் எழுதியனவும் அவருக்கு வந்தனவுமாக ஏறத்தாழ 15,000 மடல்கள் இன்று கிடைத்துள்ளன. 30 தொகுதிகளாக அச்சேறியும் உள்ளன.

அவற்றுள் ஒன்று, 1844 ஜனவரி 11-ஆம் நாள், தாவர இயல் அறிஞர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதியது. உயிரினங்கள் மாறாதவை அல்ல என்ற முடிவுக்குத் தாம் ஏறத்தாழ வந்துவிட்டதாகவும், அதைச் சொல்வதே கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்வது போலிருப்பதாகவும் எழுதுகிறார் டார்வின். கண்டறிந்த உண்மையைக் கூறக் கொலைகாரனைப் போலக் கூச வேண்டியிருந்தது! அன்றைய இங்கிலாந்தில் மதத்தின் பிடி எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அந்த உண்மை நூலாகி வெளிவர 1859 நவம்பர் 24 வரை, ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலமெல்லாம், கேள்வி கேட்டும் மறுத்துரைத்தும் அந்தக் கருத்தைப் புடம்போட்டவர் ஹூக்கர். தலையாட்டும் நண்பரல்லர் அவர். தவறு கண்டால் தயங்காமல் எடுத்துரைத்தவர்.

1858 ஜூன் திங்கள், மலேயத் தீவுக்கூட்டத்திலிருந்து ஆல்பிரட் வாலஸ் அனுப்பிய கட்டுரை டார்வினின் கைக்கு வந்தது. தாம் இருபதாண்டுக் காலம் எண்ணி எண்ணிச் செதுக்கிய அதே கருத்து, வேறொருவர் கையெழுத்தில்! தாம் முந்திக்கொண்டால் இழிசெயலாகுமோ என்று கலங்கி, அதைவிட நூல் முழுவதையும் எரித்துவிடலாம் என்று புவியியல் அறிஞர் லயலுக்கு எழுதினார் டார்வின். அதே வேளை வீட்டில் கைக்குழந்தை செங்காய்ச்சலில் கிடந்தது. ஜூன் 28-இல் இறந்தது. ஜூலை 1-இல், லயலும் ஹூக்கரும் முன்னின்று, இருவர் எழுத்துகளையும் லண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கச் செய்தனர். தொலைவிலிருந்த வாலசைக் கேட்காமலே இது நடந்தது என்ற குறை உண்டு. எனினும் செய்தியறிந்த வாலஸ் பகை பாராட்டவில்லை. டார்வினின் நண்பராகவே இறுதிவரை இருந்தார்.

இனி, நம் நெஞ்சை விட்டகலாத மடலுக்கு வருவோம்.

1860 ஜூன் 30-இல், ஆக்ஸ்போர்டில், பேராயர் வில்பர்போர்சை எதிர்த்து டார்வினின் கொள்கைக்காக வாதாடியவர் தாமஸ் ஹக்ஸ்லி. மூன்று திங்கள்கூட ஆகவில்லை. செப்டம்பர் 15-இல், நான்கு வயதும் நிரம்பாத அவருடைய தலைமகன் நோயல், செங்காய்ச்சலுக்கு இரையானான். சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார் ஆறுதல் கூறி எழுதினார். அவர் வெறியரல்லர், டார்வினின் நூலை வரவேற்று எழுதிய நல்லவர். ஆனாலும், சாவுக்குப் பின்னும் வாழ்வுண்டு என்று நம்பலாகாதா, அந்த நம்பிக்கையில் ஆறுதல் காணலாகாதா என்பதே அவர் மடலின் உட்பொருள்.

பகுத்தறிவு பேசுவோனைப் பார்த்து, “நாளை உன் வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்போர் எந்நாட்டிலும் உண்டு. ஹக்ஸ்லியின் வீட்டில் சாவு விழுந்தது. அவர் என்ன செய்தார்?

செப்டம்பர் 23-இல் நீண்டதொரு மறுமொழி எழுதினார். உயிர் அழியாதது என்பதை நான் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. நம்புவதற்குச் சான்று காணவில்லை, பொய்யென்று மெய்ப்பிக்க வழியுமில்லை என்றார். மனைவியும் மகனும் பேரும் புகழும் ஒவ்வொன்றாகப் பறிபோனாலும் பொய்யுரைக்கமாட்டேன் என்றார். அடக்கத்தின்போது, செத்தவர் எழுவதில்லையெனில் உண்டு குடித்துக் களிப்போம் என்ற பொருள்பட மதகுரு வேதவாசகம் படித்தது தம்மை எவ்வளவு புண்படுத்திற்று என்பதையும் குறித்தார். மகனை இழந்த தந்தை, மறுமை இல்லையென்றால் மாண்பையும் விட்டுவிட வேண்டுமா? விலங்கினும் கீழாக வேண்டுமா? உண்மைகளின் முன் சிறு குழந்தைபோல் அமர்ந்து, அவை காட்டும் வழியில் செல்வதே தமக்கு அமைதி தந்தது என்று எழுதினார் அவர்.

வசை இல்லை அந்த மடலில், வணக்கமும் இல்லை. எதிர்க்கொள்கையாளரை நண்பராக மதித்து, உள்ளதை உள்ளபடி உரைத்த நேர்மை இருக்கிறது. கண்ணீர் கண்ணை மறைத்தபோதும் கருத்தை மறைக்கவில்லை.

தோழமை அவர்களுக்குத் தந்த ஆறுதல் சிறிதன்று. 1863 செப்டம்பரில் ஹூக்கரின் சிறுமகள் இறந்தாள். இறந்த ஒரு மணி நேரத்தில் அவர் மடல் எழுதியது டார்வினுக்கு. மகள் ஆனியை 1851-இல் பறிகொடுத்த தந்தையல்லவா அவர்! வேதனையைப் பகிர்ந்துகொள்ள வானுலகை நோக்கவில்லை அந்த உள்ளங்கள். வாடிய மனிதன் மற்றொரு மனிதனின் தோளை நாடினான்.

ஆயினும், புகழ்ந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. மடல், துணிவுக்குத் தொட்டிலாக இருந்ததுபோல், மௌனத்துக்குத் திரையாகவும் இருந்தது. கருத்தடை பற்றிய நூலை வெளியிட்டதற்காக 1877-இல் சார்லஸ் பிராட்லாவும், பின்னாளில் சென்னை அடையாற்றில் வந்தமர்ந்த அன்னி பெசண்ட் அம்மையாரும் வழக்குமன்றம் ஏறினர். சாட்சி சொல்ல அழைத்தபோது டார்வின் மறுத்தார். உடல்நலம் இல்லை, கருத்தும் வேறு என்றார். 1880-இல் எட்வர்டு ஏவ்லிங் தம் நூலை அவருக்குக் காணிக்கையாக்க விழைந்தபோதும் இசையவில்லை. மதத்தை நேரே தாக்குவதினும், அறிவியல் வளர வளர மனம் தெளிவதே நன்று என்றார். தம் குடும்பத்தாருள் சிலர் மனம் நோகுமே என்ற எண்ணமும் காரணமாகலாம் என்று ஒப்புக்கொண்டார்.

கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பது எளிது. ஆனால் 1839-இல், மணமான புதிதில், கணவரின் ஐயங்கள் கண்டு கவலையுற்று எம்மா எழுதிய மடலொன்று உண்டு. அதனைப் பன்முறை முத்தமிட்டு அழுததாக அதன்மீதே குறித்து வைத்திருந்தார் டார்வின். மனைவியின் நம்பிக்கையை மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை. விளைவு? அவருடைய தன்வரலாறு 1887-இல் வெளிவந்தபோது, மதம் பற்றிய பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. 1958-இல் பேர்த்தி நோரா பார்லோ அவற்றை மீட்டுப் பதிப்பித்த பிறகே உலகம் முழுமையாகப் படித்தது. அன்பினால் போட்ட பூட்டைத் திறக்க 71 ஆண்டுகள்!

ஹக்ஸ்லியோ, 1860-இல் ஒரு நண்பருக்கு உரைத்ததை, 1869-இல் ‘அக்னாஸ்டிக்’ என்ற புதுச்சொல்லாக்கி வெளியே வைத்தார். சான்றில்லாததை அறிந்ததாகச் சாதிக்கமாட்டேன் என்பதே அச்சொல்லின் பொருள். மூடிய உறைக்குள் இருந்த கருத்து, முகவரி பெற்று உலகுக்கு வந்தது.

இருவரையும் போற்றுவோம், இருவரிடமும் கற்போம். உண்மை முதலில் ஒரு நண்பரின் செவியில் மெல்லிய குரலில்தான் பேசும், அதில் இழுக்கில்லை. ஆனால் அங்கேயே தங்கிவிட்டால், தலைமுறைகள் காத்திருக்க நேரிடும். அவர்தம் மடல்கள் நமக்கு விடுக்கும் செய்தி இதுவே: நண்பரிடம் சொல்லத் துணிந்ததை, நாளை நாட்டாரிடமும் சொல்லத் துணிக!