அத்தோ பிறந்த கதை

மதுரையில் பொழுது சாய்ந்ததும் தெருவோரம் அடுப்புகள் பற்றிக்கொள்ளும். பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் ஓசை ஒரு பக்கம், சால்னா மணம் ஒரு பக்கம். அந்த வரிசையில் ஓசையே எழுப்பாத ஒரு தள்ளுவண்டியையும் இப்போது பார்க்கலாம். தோசைக்கல் இல்லை, வாணலி இல்லை, கொத்தும் சத்தம் இல்லை. அகலமான பேசினில் எண்ணெய் தடவிய தடித்த நூடுல்ஸ் ஆறிக் கிடக்கும். சுற்றிலும் சின்னச் சின்னப் பாத்திரங்களில் முட்டைக்கோஸ் சீவல், பச்சை வெங்காயம், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த கடலை மாவு. அடுப்பு ஒன்றே ஒன்றுதான். அதன்மேல் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். "அண்ணே, ஒரு அத்தோ, காரம் தூக்கலா" என்றால் போதும். எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிடி எடுத்துப் போட்டு, கையாலேயே பிசைந்து, தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப் ஊற்றித் தருவார்கள்.

நூடுல்ஸைக் கண்டதும் இதைச் சீனச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். சோயா சாஸ் வாசனைகூடப் படாத இந்தத் தட்டு பர்மாவிலிருந்து வந்தது. அங்கே நூடுல்ஸை மட்டுமல்ல, இஞ்சியை, தக்காளியை, ஊறவைத்த தேயிலை இலையைக்கூட எண்ணெய், பூண்டு, மாவு, புளிப்பு சேர்த்துக் கையால் பிசைந்து சாப்பிடுவார்கள். தெருவோரத்தில் தாழ்வான முக்காலி போட்டு, பெரும்பாலும் பெண்களே விற்கிற தின்பண்டம் அது. அது எப்படி நம் பக்கம் வந்து சேர்ந்தது என்று கேட்டால், நம்முடைய முன்னோர் பலரின் வாழ்க்கையைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது.

மதுரைக்குக் கிழக்கே வானம் பார்த்த பூமி. சிவகங்கை, இராமநாதபுரம் சீமையில் கண்மாய் நிறைந்தால்தான் சோறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தை ஆங்கிலேயர்கள் நெல் வயலாக மாற்றத் தொடங்கியபோது, அதற்கு முதலும் ஆளும் இங்கிருந்து போயின. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் ரங்கூன் முகல் தெருவில் கிட்டங்கி வைத்து, பர்மிய உழவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். அவர்களிடம் கணக்கெழுதவும், சமைக்கவும், கடை பார்க்கவும் இந்தச் சீமையின் பிள்ளைகள் கப்பலேறினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்களே.

அத்தனை பேர் ஒரு ஊரில் இருந்தால் அடுப்புகள் பேசாமல் இருக்குமா? நம் பரோட்டாவின் உறவுக்காரப் பண்டம் இன்றும் பர்மாவில் 'பலாட்டா' என்ற பெயரில் விற்கிறது. சமோசாவை வெட்டிப் போட்டு, முட்டைக்கோஸும் கடலையும் சேர்த்துப் பிசைந்து தருகிற கடைகள் அங்கே உண்டு. அந்தப் பக்கத்து ருசி இந்தப் பக்கமும் ஒட்டிக்கொண்டது. செட்டிநாட்டு விசேஷங்களில் பரிமாறும் கவுனி அரிசி பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாகத்தான் அந்த வீடுகளில் சொல்வார்கள். ஆனாலும் அதுவரை அத்தோ கடல் கடக்கவில்லை. ரங்கூனில் நினைத்தபோது வாங்கித் தின்னலாம், ஊருக்கு வந்தால் ஊர்ச் சாப்பாடு. போக்குவரத்து இருந்தவரை அதை இங்கே சமைத்துப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

அந்தப் போக்குவரத்து முதலில் அறுந்தது 1942இல். முந்தைய டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு வீசின. கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் மலைகளையும் மணிப்பூர் காடுகளையும் நடந்தே கடந்தார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டார்கள். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்தவர்தான். அந்தப் பயணத்தைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். 1952இல் வந்த 'பராசக்தி' படத்தில் ரங்கூனில் இருக்கும் அண்ணன்மார் மதுரையில் இருக்கும் தங்கையைத் தேடி வருகிறார்கள். அந்தக் கதையை அன்றைய மதுரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் ஆள் ஒருவராவது ரங்கூனில் இல்லாத தெரு மதுரையில் அப்போது குறைவு.

போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். 1962 மார்ச்சில் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு எல்லாம் தலைகீழானது. வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்த்தது ஒரு கோடைக்குள் போய்விட்டது. கிளம்புகிறவர்கள் பணத்தையும் நகையையும் கொண்டுவர முடியாமல் துறைமுகத்தில் சோதனை வேறு. இப்படி வந்து சேர்ந்து தமிழ்நாட்டில் அரசின் உதவி பெற்றவர்கள் மட்டும் 1,40,000-க்கும் மேல். அவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள், தமிழோடு பர்மியமும் சரளமாகப் பேசியவர்கள். சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட ஊரை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். இங்கே பிழைப்பு சரிப்படாமல் தரைவழியே பர்மாவுக்குத் திரும்ப முயன்று, எல்லையில் மறிக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டவர்களும் உண்டு. அங்கே இன்றும் தமிழர் கோயில் இருக்கிறது.

அரசு தன்னால் ஆனதைச் செய்தது. பல ஊர்களில் பர்மா காலனிகள் எழுந்தன. சிறு வியாபாரக் கடன் கிடைத்தது. 1969இல் தாயகம் திரும்பியோருக்காக ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானதும் அதே ஆண்டில்தான். ஆனால் கடன் கைக்கு வரும்வரை வயிறு காத்திருக்காது. பாரிமுனைப் பக்கம், இரண்டாவது கடற்கரைச் சாலையின் நடைபாதையில் சிலர் பேசினையும் அடுப்பையும் எடுத்து வைத்து உட்கார்ந்தார்கள். நம் ஊர் அத்தோ பிறந்த இடம் அதுதான்.

ஏன் குறிப்பாக அத்தோ? கையில் காசில்லாதவர் தொடங்கக்கூடிய தொழில் அது என்பதே என் எண்ணம். பரோட்டாவுக்குக் கனமான கல் வேண்டும், விறகு விடாமல் எரிய வேண்டும், மாவு வீசத் தெரிந்த மாஸ்டர் வேண்டும். அத்தோவுக்கு நூடுல்ஸை ஒருமுறை வேகவைத்து வடித்து எண்ணெய் தடவினால் ராத்திரி வரை ஒட்டாது. வெங்காயமும் பூண்டும் வீட்டிலேயே வறுத்துக் கொண்டுவந்துவிடலாம். வறுத்த எண்ணெயைக்கூட வீணாக்குவதில்லை. அந்தப் பூண்டெண்ணெய்தான் தட்டுக்கு மணமே. புளித்தண்ணீரும் எண்ணெயும் நூடுல்ஸில் நிற்காமல் வழிந்து ஓடிவிடும். வறுத்த கடலை மாவைத் தூவியிருந்தால் இரண்டையும் அது உறிஞ்சிப் பிடித்து ஒவ்வொரு இழையிலும் ஒட்டவைக்கிறது. மாவைக் குறைத்த கடையில் அத்தோ கடைசி வாயில் சப்பென்று போவதற்குக் காரணம் அதுதான். கரண்டியால் கிளறினால் நூடுல்ஸ் அறுந்து மாவு கட்டிதட்டும். அதனால்தான் கை. மேலே, தட்டையைவிட மெல்லிய, பேஜோ என்ற பொரித்த பண்டத்தை நொறுக்கிப் போடுவது கறுக்மொறுக்கென்று பல்லில் படுவதற்காக.

சூப்பின் கதை இன்னும் நெருக்கமானது. பர்மாவில் காலைச் சாப்பாடு மொஹிங்கா. கெளுத்தி மீனைக் கரைத்துக் காய்ச்சிய குழம்பில் அரிசி நூடுல்ஸும் வாழைத்தண்டும் இருக்கும். அத்தோவிலும் அங்கே மீன் சாறும் இறால் கருவாட்டுப் பொடியும் விழும். சென்னை நடைபாதைக்கு வந்தபோது மீன் நின்றுவிட்டது. மீன் சாறு இங்கே கிடைக்காது. கிடைத்தாலும் அந்த நெடி புதியவர்களை விரட்டும். சைவக்காரரும் நிற்கிற தெருவில் விற்றாக வேண்டும். விட்டதை விட்டுவிட்டு, மிச்சமிருந்ததில் எது இங்கே மலிவு என்று பார்த்தால் வாழைத்தண்டு. தார் வெட்டிய பிறகு தோட்டத்தில் சாய்ந்து கிடக்கிற தண்டுக்கு நம் ஊரில் என்ன விலை? கூட்டும் பொரியலுமாக நாக்குக்குப் பழகிய பொருள் வேறு. அதை மிளகு, இஞ்சி, பூண்டு, மஞ்சளோடு கொதிக்கவிட்டு, கடலை மாவு கரைத்துத் திடமாக்கினார்கள். அதில் நூடுல்ஸை ஊறப்போட்டு விற்கிற தட்டுக்கு மொஹிங்கா என்ற பெயரே மொய்ங்கா என்று நிலைத்தது. ரங்கூனிலிருந்து வரும் ஒருவருக்கு நம் அத்தோவில் மீன் வாசனை இல்லாதது பெருங்குறையாகத் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை. பெயரும் கைப்பக்குவமும் அங்கிருந்து வந்தன. ருசியைத் தீர்மானித்தது இங்கே பசியோடு நின்ற கூட்டம்.

முட்டையும் இந்த வண்டியில்தான் புது வடிவம் எடுத்தது. அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்து, புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் விட்டுத் தருவார்கள். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதியாகக் கடித்தால் மசாலா சட்டையில்தான். ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நூடுல்ஸைச் செக்கச்செவேலென்று ஆக்குகிற கலர்ப்பொடி அவசியமே இல்லை. நல்ல பூண்டெண்ணெய் விழுந்த வெளிர்மஞ்சள் நூடுல்ஸ் எந்தச் சாயமும் இல்லாமலேயே ஆளை இழுக்கும்.

இப்படி அகதியாகி வந்தவர்களின் அடுப்பிலிருந்து மலிவான தெருக்கடை பிறப்பது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்த பிறகு வெளியேறிய வியட்நாமியர்கள் கலிபோர்னியாவிலும் பாரீஸிலும் தெருமுனை நூடுல்ஸ் கடைகளைத் திறந்தார்கள். இன்று அந்த நகரங்களில் குறைந்த காசுக்கு வயிறு நிறையச் சாப்பிட அவை வழியாக இருக்கின்றன. அதே வியட்நாம் ருசி நம் புதுச்சேரிக்கும் வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் காவலராகவும் எழுத்தராகவும் படைவீரராகவும் சைகோனுக்குப் போன புதுச்சேரித் தமிழர்கள் சிலர், வியட்நாமியப் பெண்களை மணந்து குடும்பத்தோடு திரும்பினார்கள். அவர்கள் சுருட்டிப் பொரித்த 'நெம்' இன்றும் அந்த ஊர் வீடுகளில் உண்டு. நெம் பெரும்பாலும் வீட்டுக்குள் விருந்துப் பண்டமாக நின்றது. அத்தோவுக்கு அந்த வசதி இல்லை. அன்றன்றைக்கு விற்றால்தான் அன்றன்றைக்கு அரிசி என்ற நிலைமை அதைத் தெருவுக்குத் தள்ளியது. தெருவுக்கு வந்ததாலேயே அது எல்லோருடையதும் ஆனது.

தென்பாண்டிச் சீமையில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் வேறு வழியில் காலூன்றினார்கள். மதுரையில் 'பர்மா' என்ற பெயர் இடியாப்பக் கடைக்கு இருக்கிறது. விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் பேர்போன பர்மா கடை இருக்கிறது. ஊர் ஏற்கெனவே விரும்பித் தின்கிற பண்டத்தை நன்றாகச் செய்து பெயர் வாங்கினார்கள். அதனால் அத்தோ இங்கே வந்தது பின்னால்தான். சென்னையில் ருசி கண்டவர்கள் திரும்பி வந்து தேடியதும், பர்மாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத இளைஞர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டு வண்டி போட்டதுமாக அது தெற்கே இறங்கியது.

மதுரைக்கு வந்த அத்தோ மதுரைக்கேற்பவும் மாறிவருகிறது. இங்கே காரம் ஒரு பிடி கூடுதல். சூப்பை இரண்டாம் தடவை கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்ற வேண்டும், சால்னாவில் பழகிய ஊர் அல்லவா! பரோட்டாவுக்கு வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத கல்லூரிப் பையன்களும், பஸ் பிடிக்க ஓடுகிற தொழிலாளிகளும் நின்றபடியே தின்றுவிட்டுப் போகிறார்கள். வண்டிக்காரத் தம்பிக்கு ரங்கூன் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலில் கடலை மாவு, பிறகு புளித்தண்ணீர், கடைசியில் பேஜோ என்ற வரிசையை மட்டும் அவர் மாற்றுவதில்லை. பாரிமுனை நடைபாதையில் உட்கார்ந்தவர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்த வரிசை அது.